மேசைக்கடியில் ஆள் இல்லை

நாங்கள் யாரும் இல்லாத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து வந்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பேனா மூடி கீழே விழுந்து, எடுக்கக் குனிந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மேசைப் பலகையின் அடிப்பக்கம், முழங்கால் இடிக்கிற இடத்துக்குச் சற்று உள்ளே, தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. ஒயர் கிடையாது, ஆணி கிடையாது, வெறும் டேப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் பாதியாக வெட்டிய கோலிக்குண்டு போல ஒரு குமிழ். நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து இருக்கைத் தோழியும் மேசைக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னதிது, நம்ம காலை வேவு பாக்கவா ஒட்டியிருக்கா?" என்றாள்.

தோழி மயிலாப்பூர்க்காரி. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் பிறந்து அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் அதன் பிறகு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல அந்த ஒரு வரியே போதும்.

எங்கள் அலுவலகம் அடையாறில், பெரிய சாலையிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே இருக்கும் ஐந்து மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. மூன்றாவது மாடியும் நான்காவது மாடியும் எங்களுடையவை. வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்குக் கட்டுரைகளை அச்சுக்கேற்றபடி பக்கம் கட்டித் தரும் கம்பெனி. நாங்கள் ஆறு பெண்கள் பிழை திருத்தும் பிரிவு. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் கண்டுபிடிப்போம். எழுதியவரும் பார்க்காத, சரிபார்த்த இரண்டு பேரும் பார்க்காத புள்ளியை நான் பிடித்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்கவில்லை.

அன்றே மேனேஜரிடம் போய்க் கேட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே இல்லை என்பார்.

"மேடம், இது வெறும் சென்சார். சீட்ல ஆள் இருக்காங்களா இல்லையான்னு மட்டும் பாக்கும். யாருன்னு அதுக்குத் தெரியாது. கேமரா இல்ல, மைக் இல்ல. பேட்டரில ஓடுது. கதவுகிட்ட ஒரு பெட்டி இருக்கு பாருங்க, அதுக்கு சிக்னல் அனுப்பும். அவ்ளோதான்."

"யாருன்னு தெரியாது. சீட் நம்பர் தெரியுமில்ல?"

"சீட் நம்பர் தெரியும்."

"அந்த சீட்ல நான்தானே உக்காந்திருக்கேன்?"

அதற்கும் சிரித்தார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். இரண்டு மாடிகளில் ஒன்றை விட்டுவிடப் போகிறார்கள். ஒரு மாதம் கணக்கெடுத்து, எந்தப் பிரிவில் இருக்கைகள் சும்மா கிடக்கின்றனவோ அந்தப் பிரிவை ஊருக்கு வெளியே வெகு தூரத்தில், சிறுசேரியில் இருக்கும் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

சிறுசேரிக்கு நான் போக முடியாது. காரணம் என் வீட்டில் கட்டிலில் இருந்தது.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். காலையில் துடைத்து, உடை மாற்றி, டிபன் கொடுத்துவிட்டு நான் கிளம்பினால் அவர் பாட்டுக்குப் படுத்திருப்பார். எதிர் வீட்டில் ஒரு சாவி இருக்கிறது, அவசரம் என்றால் அவர்கள் வருவார்கள். ஆனால் சாப்பாடு மட்டும் தனியாக ஆகாது. தொண்டை சரியாக வேலை செய்யாததால் புரை ஏறிவிடும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, ஒவ்வொரு வாயாகக் கொடுத்து, முழுங்கியாயிற்றா என்று பார்த்து அடுத்த வாய் கொடுக்க வேண்டும். ஆள் வைத்தும் பார்த்தோம். அவள் அவசரமாக ஊட்டி ஒருநாள் அவருக்கு மூச்சே நின்றுவிடும் போலாகிவிட்டது. அதற்குப் பிறகு நானேதான்.

அதனால் தினமும் ஒரு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி அபிராமபுரத்து வீட்டுக்குப் போவேன். அரை மணி ஊட்டுவேன். இரண்டு மணி பத்து நிமிடத்துக்குள் திரும்பி இருக்கையில் இருப்பேன். பழைய மேனேஜர் இதற்கு வாயால் அனுமதி கொடுத்திருந்தார். பதிலுக்கு நான் காலையில் ஒன்பதுக்குப் பதில் எட்டேகாலுக்கே வந்துவிடுவேன். எழுத்தில் எதுவும் கிடையாது. ஊரான் எழுதியதில் எல்லாம் பிழை பார்க்கிறவள், என் விஷயத்தில் ஒரு வரி எழுதி வாங்கவில்லை. சிறுசேரிக்கு மாற்றினால் மத்தியானம் வந்து போகிற பேச்சே இல்லை. வேலையை விட வேண்டியதுதான். விட்டால் அவருடைய மருந்துக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எங்கள் ஆறு பேரைப் போல இருக்கையை விட்டு எழுந்திருக்காத ஜென்மங்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. டீக்குப் போக மாட்டோம், பால்கனியில் நின்று போன் பேச மாட்டோம். எண்ணட்டும், நன்றாக எண்ணட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து மேனேஜர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மாடியின் வரைபடம், ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு கட்டம். பச்சை என்றால் ஆள் இருந்தார்கள், சிவப்பு என்றால் காலி. எங்கள் ஆறு கட்டங்களும் அப்படியே சிவப்பு. வரிசைக் கோடியில் பக்கம் கட்டுகிற ஒருவரின் கட்டம் மட்டும் பசேல் என்றிருந்தது. நாளில் பாதி நேரம் கீழே டீக்கடையில் நிற்கிற மனிதர்.

"இது தப்பு" என்றேன்.

"மேடம், மெஷின் பொய் சொல்லாது."

"அப்ப நாங்க முடிச்சுக் குடுத்த பக்கத்தையெல்லாம் யாரு பாத்தா? பேயா?"

"வேலை நடக்கலைன்னு நான் சொல்லவே இல்ல மேடம். சீட் காலியா இருக்குன்னுதான் ரிப்போர்ட் சொல்லுது."

வேலை நடக்கிறது, ஆனால் செய்கிற ஆள் இல்லை. இதை ஒரு படித்த மனிதர் சிரித்த முகத்தோடு என்னிடம் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திரையிலேயே சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பேன். பேனாவை என் மேசையிலேயே விட்டு வந்திருந்ததால் திரை பிழைத்தது.

மர்மத்தை உடைத்தது எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கிற அக்கா. மறுநாள் காலை எட்டரை மணி, மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். துடைப்பத்தை என் மேசைக்கடியில் விட்டவர், அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே பார்த்தார்.

"இன்னாம்மா இது, தொடப்பத்த உட்டா செவப்பா கண்ணு சிமிட்டுது. நீ இம்மாம் நேரம் குந்திகினு கீற, உனுக்கு ஒண்ணும் சிமிட்டல?"

"எல்லா மேசையிலயும் அப்படியா?"

"எல்லாத்துலயும் கீது. நான் கைய வெச்சா மின்னும். உங்க ஆறு பேர் மேசைலதான் ஆள் வந்தப்புறமும் கம்முனு கீது. உங்க செருப்புதான் கீழ கீது, காலு எங்க கீது?"

என் கால் நாற்காலி மேல் இருந்தது. இரண்டையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அப்படித்தான் உட்காருவேன். நாங்கள் ஆறு பேருமே அப்படித்தான்.

அதற்கும் ஒரு கதை உண்டு. எங்களுக்குக் கொடுத்த நாற்காலிகள் ஆறடி ஆட்களுக்குச் செய்தவை. உயரத்தை இறக்குகிற கைப்பிடி எதிலும் வேலை செய்யாது. உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாமல் தொங்கும், சாயங்காலத்துக்குள் கணுக்கால் வீங்கிவிடும். கால் வைக்க ஒரு மரப்பலகை வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், மூன்று தடவையும் பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஏசி வேறு நேராகப் பாதத்தில் அடிக்கும். தரையில் சம்மணம் போட்டே சாப்பிட்டு, படித்து, பூ தொடுத்து வளர்ந்த உடம்பு, கால் தானாக மேலே ஏறிக்கொண்டது. காலை வந்ததும் செருப்பைக் கழற்றுவோம், காலை மடக்குவோம், வேலையில் மூழ்கிவிடுவோம். கண்ணும் விரலும்தான் அசையும்.

அந்தக் கருவிக்கு வேண்டியது அசைகிற சூடு. மேசைக்கடியில் கால் இருந்து, அது அவ்வப்போது ஆடினால்தான் ஆள். வரிசைக் கோடிக்காரர் ஏன் பச்சை என்பதும் உடனே புரிந்தது. அவர் உட்கார்ந்தால் இரண்டு தொடையும் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை அசைந்தது என்றுதானே அது எண்ணுகிறது, உட்காருகிற கொஞ்ச நேரத்துக்குள் ஒரு நாளைக்கான பச்சையைச் சேர்த்துவிடுவார். சின்ன வயதில் நான் காலை ஆட்டினால், வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தொடையில் ஒன்று போடுவாள். அந்த அடியெல்லாம் வீண் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மேனேஜரிடம் ஓடினேன். அவரை அழைத்து வந்து மேசைக்கடியில் குனியவைத்து, காலை இறக்கிக் காட்டினேன், மின்னியது. மடக்கிக் காட்டினேன், செத்துக் கிடந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிழையைக் கண்டால் எனக்குக் கை நிற்காது.

"இன்னொண்ணும் சொல்றேன். காலையில துடைப்பத்தையே இது ஆளுன்னு எண்ணுது. பெருக்கற நேரத்தையும் சேர்த்துத்தான் உங்க ரிப்போர்ட் வந்திருக்கு."

அவர் முதல் தடவையாகச் சிரிக்காமல் கேட்டார். குறித்தும் கொண்டார். "நல்ல பாயிண்ட் மேடம். இன்னொரு மாசம் எடுக்கச் சொல்றேன். ஆனா நீங்களும் கொஞ்சம் ஒழுங்கா உக்காருங்க."

ஒழுங்காக! இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த பிறகு எனக்கு உட்காரச் சொல்லிக் கொடுத்தார். நாற்காலியைச் சரிசெய்கிறேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. கருவியை மாற்றுவதும் அவர் யோசனையில் இல்லை. பழுதான சாமான்களில் அவர் கண்ணுக்கு நாங்கள் மட்டுமே தெரிந்தோம்.

அந்த மாதம் எங்களுக்குத் தண்டனை மாதம். காகிதம் வந்த அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கால் வைத்தோம். இரண்டே நாளில் அவை அமுங்கிவிட்டன. காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நினைவு வரும்போதெல்லாம் ஆட்டினோம். வரியின் நடுவில் காலை ஆட்டு என்று மனதுக்குள் மணி அடித்தால் பிழை எப்படிக் கண்ணில் படும்? ஒரே பக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து மணிக்குத் தோழி புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவாள்.

"பாருங்கோ, எப்படி வீங்கிண்டிருக்குன்னு. ஆத்துக்குப் போனா சுடுதண்ணில கால வெச்சுண்டு உக்காரறதே வேலையாப் போச்சு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்கு அழுகை வரும். இவள் கால் வீங்குவது என் கணவரின் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சேர்த்து என்று எனக்குத் தெரியும். அவளுக்கு சிறுசேரி தூரம்தான், ஆனால் பஸ் பிடித்துப் போய்விடுவாள்.

இரண்டாவது அறிக்கையில் எங்கள் வரிசை பச்சையாக இருந்தது. "உங்க செக்ஷன் இங்கேயே இருக்கலாம்" என்றார் மேனேஜர். கீழே போய் எல்லாருக்கும் மசால் வடை வாங்கி வந்தேன். பெருக்குகிற அக்காவுக்கு இரண்டு. அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தோம்.

பிறகு என்னை மட்டும் திரும்பவும் கூப்பிட்டார்.

"மேடம், இது மணிவாரியா வந்திருக்கு. உங்க சீட்ல தினமும் மத்தியானம் ஒரு மணி பத்து நிமிஷம் காலி. மத்தவங்களுக்கு அரை மணிதான்."

சொன்னேன். கணவர், தொண்டை, பழைய மேனேஜர் கொடுத்த அனுமதி, எல்லாம். முதல் மாதம் என் கட்டம் நாள் முழுக்கச் சிவப்பாக இருந்தபோது இந்த ஒரு மணி பத்து நிமிடம் அதற்குள் ஒளிந்துகொண்டிருந்தது. நான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று மல்லுக்கு நின்று நிரூபித்த பிறகுதான், நான் இல்லாத நேரம் தனியாகத் தெரிந்தது.

"அதுக்குப் பதிலா காலையில முக்கால் மணி முன்னாடி வரேன். அரை மணி லஞ்ச் எனக்கும் உண்டு, ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. எட்டேகாலுக்கு என் சீட்டைப் பாருங்க, தெரியும்."

அவர் திரையைத் தள்ளிப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"ஒன்பதுக்கு முன்னாடி இருக்கறத கணக்குலேர்ந்து தூக்கச் சொல்லிட்டேன் மேடம். நீங்கதானே சொன்னீங்க, அது துடைப்பம்னு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நானே கண்டுபிடித்த பிழை, நானே அடிக்கச் சொன்ன நேரம். அதற்குள் என் ஆறு வருடத்து முக்கால் மணிகளும் சேர்ந்து போயிருந்தன. அடுத்த மாதத்திலிருந்து எல்லோரையும் போல அரை மணி என்றார். ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். வேண்டுமானால் வீட்டுக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார், யாருக்கும் இதுவரை தோன்றாத யோசனை மாதிரி.

இருக்கைக்கு வந்து ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தேதி மட்டும் எழுதினேன். தோழி என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவள் மேசைக்கடியில் இருந்த பெட்டியைக் கண்ணால் காட்டினாள்.

"அதுக்கு யாருன்னு தெரியாதுன்னு அவாதானே சொன்னா? நான் எங்க உக்காந்து சாப்பிட்டா என்ன? நாளைலேர்ந்து உங்க எடத்துல உக்காந்துண்டு சாப்பிடறேன்."

எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் இரண்டு முறை. ஒரு மணிக்கு மூன்று பேர், ஒன்றரைக்கு மூன்று பேர். முதல் அரை மணி தோழி என் இருக்கையில் டப்பாவைத் திறப்பாள். அடுத்த அரை மணி இன்னொருத்தி. மிச்சமிருக்கிற பத்து நிமிடத்துக்குப் பெருக்குகிற அக்கா என் மேசைப் பக்கம் துடைக்க வருவார். நான் கிளம்பும்போதே "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். உட்காருகிறவர்கள் காலைத் தொங்கவிட்டு, ஆட்டிக்கொண்டே. முதல் நாள் திரும்பி வந்தபோது என் விசைப்பலகை மேல் ஒரு பருக்கை தயிர்சாதம் ஒட்டியிருந்தது. அதை விரலால் எடுத்துவிட்டு, விட்ட வரியிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

போன வாரம் மூன்றாவது அறிக்கை வந்தது. என் கட்டம் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை இடைவெளியே இல்லாத பச்சை. மேனேஜர் என் மேசைக்கே வந்து எல்லார் எதிரிலும் சொன்னார்.

"பாத்தீங்களா மேடம்? மனசு வெச்சா முடியுது."

நான் இல்லாத நேரத்துக்கு என்னைப் பாராட்டுகிறாய், இருந்த நேரத்தை எல்லாம் அழித்துவிட்டாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் மாட்டிக்கொள்வது நான் மட்டுமில்லை. பக்கத்தில் தோழி தலையைத் தூக்காமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அன்று ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய் என் கணவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டிக்கொண்டே கதை முழுவதையும் சொன்னேன். மேனேஜர் மாதிரியே சொல்லிக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்து, புரை ஏறி, முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. பிறகு இடது கையால் மெதுவாக மேலே, விட்டத்தைக் காட்டினார்.

"அத... இங்க... மாட்டினா?"

"மாட்டினா என்ன, ஆள் இருக்கார்னு ஜம்முனு பச்சையாக் காட்டும்" என்றேன்.

பொய். காலையில் நான் கதவைச் சாத்திவிட்டுப் போனதிலிருந்து அவர் ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறார். ஒரு மணி வரைக்கும் அந்த அறையில் ஆளே இல்லை என்றுதான் அது சொல்லும். நான் வந்து, அவர் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிய பிறகுதான் அங்கே ஒருவர் இருப்பது அதற்குத் தெரியும்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. முழுங்கியாயிற்றா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுத்தேன்.